ஒரு காது பிறந்த செய்தியும் ஒரு தலை பறிபோன புகாரும்

என் மதிப்புக்கும், இப்போதைக்கு என் கோபத்துக்கும் உரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் நலம் விசாரித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அரை மதிப்பெண் போய்விடும் என்று தமிழ் ஆசிரியர் சொல்லியிருப்பதால் விசாரித்துவிட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

முதற்கண் ஓர் அறிவிப்பு. நேற்று மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு நம் வீட்டுச் சமையலறையில் ஒரு காது பிறந்தது. இடது காது. எடை பதினெட்டு கிராம். நூற்று முப்பது டிகிரி சூட்டில் இருபது நிமிடம் இருந்துவிட்டு, அழாமல் அடம்பிடிக்காமல் வெளியே வந்தது. காதும், காதைப் பெற்றெடுத்த என் அப்பாவும் சுகமாக இருக்கிறார்கள். அம்மாவும் அக்காவும் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே சித்தப்பா ஜாடை என்று சொல்லிவிட்டார்கள். சுகமில்லாமல் இருப்பவன் நான் ஒருத்தன்தான். ஏனென்றால் அந்தக் காது ஒட்டப்பட்டிருக்கும் தலை என்னுடையது. கழுத்துக்கு மேலே இருப்பதைச் சொல்லவில்லை. நான் என் கையால் செய்த தலை. வேற்றுக்கிரகவாசியின் தலை. வேற்றுக்கிரகவாசிக்குக் காதே கிடையாது சித்தப்பா. இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இத்தனைக்கும் மூலகாரணம் நீங்கள். அவனவன் சித்தப்பா பதினாறாவது பிறந்தநாளுக்குச் சட்டை அனுப்புகிறார், கைக்கடிகாரம் அனுப்புகிறார். நீங்கள் பாலிமர் களிமண் அனுப்பினீர்கள். பச்சையும் சாம்பலுமாகப் பன்னிரண்டு பெரிய கட்டி, கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “கை சும்மா இருந்தா நீ யாரையாவது வம்புக்கு இழுப்ப. இதைப் பிசைஞ்சுக்கிட்டு இரு.” எட்டாம் வகுப்பில் நம் மூக்குக்கண்ணாடிக் கடைக் கதவில் ‘தள்ளவும்’ இருந்த இடத்தில் ‘இழுக்கவும்’ என்றும், ‘இழுக்கவும்’ இருந்த இடத்தில் ‘தள்ளவும்’ என்றும் மாற்றி ஒட்டியதை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். சரி, திருந்துவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் பள்ளியில் வருகிற திங்கட்கிழமை அறிவியல் கண்காட்சி. பீரங்கி என்று ஒருத்தன் என் வகுப்பில் இருக்கிறான், வருஷா வருஷம் எரிமலை செய்து வருஷா வருஷம் முதல் பரிசு வாங்குகிறான், அந்த எரிமலையில் அவன் வாய்தான் நன்றாகக் கொதிக்கிறது. அவன் முன்னால் நின்று, இந்த முறை நான் ஒரு தலை கொண்டுவருகிறேன், அதைப் பார்த்துத் தலைமை ஆசிரியரே தலைதெறிக்க ஓடுவார், அது முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை என்று சவால் விட்டுவிட்டேன். சொந்தக் கற்பனை. இந்த இரண்டு வார்த்தையை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த மண் காற்றில் காயாது, அவனில் வைத்துத்தான் சுட வேண்டும். அவன் என்று எழுதியதும் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். நம் வீட்டில் ‘அவன்’ என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று அம்மா கேக் சுடுகிற அடுப்பு. இன்னொன்று நீங்கள். அப்பா உங்கள் பெயரைச் சொல்வதில்லை, அவன் என்றுதான் சொல்வார், அதுவும் வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. போன மாதம் அம்மா, “அவன் சூடா இருக்கு, பக்கத்துல போகாதீங்க” என்றபோது அப்பா, “சூடா இருந்தா எனக்கென்ன, மன்னிப்பு கேட்க வேண்டியது அவன்தான்” என்றார். எனவே இந்தக் கடிதத்தில் அடுப்பை அடுப்பு என்றே எழுதுகிறேன்.

முதல் தலை. பாக்கெட்டில் நூற்று முப்பது டிகிரி, முப்பது நிமிஷம் என்று போட்டிருந்தது. எனக்கு டியூஷன் இருந்தது. கணக்கில் நான் எப்போதும் கெட்டி. இருநூற்று அறுபது டிகிரியில் வைத்தால் பதினைந்து நிமிஷம் போதும் என்று கண்டுபிடித்தேன். பதினோராவது நிமிஷம் என் வேற்றுக்கிரகவாசி தன் கிரகத்துக்கே திரும்பிவிட்டான், புகை ரூபத்தில். அம்மா எல்லா ஜன்னலையும் திறந்தாள், அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டே வீடியோ எடுத்தாள், மாடி வீட்டு வக்கீல் இறங்கிவந்து கதவைத் தட்டினார். அம்மா இன்றுவரை அந்த அடுப்பில் கேக் வைக்கும் முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வைக்கிறாள். இரண்டாவது தலைக்குச் சூடெல்லாம் சரியாக வைத்தேன். ஆனால் கண்ணுக்கு டேபிள் டென்னிஸ் பந்து வைத்தேன். சூட்டில் பந்து இரண்டும் சுருங்கி உள்ளே போய், கண்ணுக்குப் பதிலாக இரண்டு குழி, தலை முழுக்க வெடிப்பு. உள்ளே எதையும் வைக்காமல் மண்ணை அப்படியே உருட்டினால் வெடிக்கும் என்று எனக்கு யார் சொன்னது? நீங்கள் சொன்னீர்களா? சீட்டில் பிசைஞ்சுக்கிட்டு இரு என்று மட்டும்தானே எழுதினீர்கள்? மீதி மண்ணைக் கடையில் அப்பாவின் பிளாஸ்டிக் தட்டில் வைத்திருந்தேன், லென்ஸ் வைப்பாரே, அந்தத் தட்டு. இந்த மண் சுடாமல் இருக்கும்போது சில பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதும் யாரும் எனக்குச் சொல்லாத இன்னொரு விஷயம். காலையில் தட்டு பிசுபிசுவென்று பல்லி முதுகு மாதிரி இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று உங்களுக்குத் தெரியாததா.

ஆனால் மூன்றாவது தலை, சித்தப்பா. தம்பட்டம் அடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அடிக்கத்தான் போகிறேன். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி உருட்டி, கைப்பந்தை விடக் கொஞ்சம் சின்னதாக ஓர் உருண்டை செய்து, அதன்மேல் மண்ணைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்துப் போர்த்தி, பல் குத்தும் குச்சியால் சுருக்கம் கீறி, கைரேகை தெரியாமல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒன்பது நாள் உழைத்தேன். விரிந்த நெற்றி. தலையில் முடி மருந்துக்கும் இல்லை. கீழே போகப் போகக் கூராகும் முகம். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி மெல்லிசான வாய். கண்ணுக்கு நம் கடையில் யாரும் தொடாத கீழ் இழுப்பறையில் கிடந்த இரண்டு தடித்த கண்ணாடி லென்ஸை எடுத்து, பின்னால் கறுப்பு மண் வைத்துப் பதித்தேன். அந்தக் கண் அப்படியே முழித்துப் பார்க்கும். இந்தப் பக்கம் போனாலும் பார்க்கும், அந்தப் பக்கம் போனாலும் பார்க்கும். நூற்று முப்பது டிகிரி, முப்பது நிமிஷம், ஒரு கீறல் இல்லை. உலகத் தரம் என்று நானே சொல்லிக்கொண்டேன், வேறு யாரும் சொல்லாததால்.

வேறு யாரும் ஏன் சொல்லவில்லை? அங்கேதான் என் தலையெழுத்து ஆரம்பம். அம்மா வந்தாள், பார்த்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். “தம்பி மாதிரியே இருக்குடா” என்றாள். அம்மாவுக்குத் தம்பி என்றால் அது நீங்கள்தான். அக்கா வந்து, “சித்தப்பா, சௌக்கியமா?” என்று தலையிடம் கேட்டாள். கேலி செய்கிறாள் என்று பார்த்தால் நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒன்பது நாள் உழைத்து, எத்தனையோ கோடி மைல் தாண்டி ஒருத்தனை வரவழைத்தால், நீ எங்க சித்தப்பாதானே என்று கேட்பார்களா? நான் வாதாடினேன். இது சாம்பல் நிறம், சித்தப்பா மாநிறம் என்றேன். கொஞ்சம் இளைச்சிருக்கார் என்றாள் அம்மா.

சரி, அப்பா படித்தவர், தொழில் தெரிந்தவர், அவர் சொல்லட்டும் என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அதுதான் நான் செய்த மாபெரும் முட்டாள்தனம். அப்பாவைப் பற்றித் தெரியும் உங்களுக்கு. ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது, கண்மணிக்கும் கண்மணிக்கும் உள்ள தூரம்தான், அதுவும் மில்லிமீட்டர் கணக்கில், நிற்கும். தெருவில் போகிறவரைப் பார்த்து, “அறுபத்தஞ்சு போறார் பாரு” என்பார். அம்மா அறுபத்தொன்று. நான் அறுபத்துமூன்று. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதே அம்மாவின் மூக்குக்கு மேல் ஸ்கேல் வைத்தவர் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மனுஷன் என் வேற்றுக்கிரகவாசியை மேஜைமேல் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன ஸ்கேலை எடுத்து, ஒரு லென்ஸின் நடுவிலிருந்து மறு லென்ஸின் நடுவுக்கு வைத்தார். பார்த்தார். ஸ்கேலைத் துடைத்து மறுபடியும் வைத்தார்.

“அறுபத்தெட்டு” என்றார்.

நான் தலையைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினேன்.

“இந்தக் கடை திறந்து இருபது வருஷத்துல அறுபத்தெட்டு ஒரே ஒரு ஆள்தான்டா” என்றார். அப்புறம் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வந்த வாடிக்கையாளரிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டார். மணி அப்போது காலை பதினொன்று.

அன்றிலிருந்து தலை என் வசம் இல்லை. வாசல் கண்ணாடி அலமாரியில், கண்ணாடிச் சட்டங்கள் மாட்டி வைத்திருக்கும் அந்த ஆறு பிளாஸ்டிக் தலைகளுக்கு நடுவில் ஏழாவதாக நிற்கிறது. கேட்டால், “தூசி படாம இருக்கும்” என்கிறார். வழக்கு என்றால் பின்னணி சொல்ல வேண்டும், எனவே உங்களுக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்கிறேன். பஸ் டிரைவர் ஒருவருடைய புதுக் கண்ணாடியில் வலது லென்ஸ் இடதிலும் இடது லென்ஸ் வலதிலும் மாட்டியிருந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு வாசல் கதவை நோக்கி நடந்து, பக்கத்துச் சுவரில் முட்டிக்கொண்டார். மாட்டினவன் நீ என்று அப்பா சொல்ல, கவர் மேல வலது இடதுன்னு எழுதினது நீங்க என்று நீங்கள் சொல்ல, அப்புறம் யாரும் யாரையும் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்ல, நீங்கள் உங்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனவர்தான். இரண்டு வருஷம். அது யார் தப்பு என்பதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அது முடிந்த கதை. யாரும் அதைக் கிளற வேண்டாம்.

நான் கிளற வேண்டாம் என்றாலும் அந்த பஸ் டிரைவரே போன வாரம் கடைக்கு வந்தார். அலமாரியைப் பார்த்தார். “உங்க தம்பிதானே? எப்ப வந்தார்?” என்று கேட்டார். சுவரில் முட்டிக்கொண்டது பற்றி நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அன்னைக்கு சாயங்காலமே நான் மறந்துட்டேனே, நீங்க ரெண்டு பேரும் இன்னுமா என்று இழுத்தார். அப்பா அவருக்கு மூக்குப் பட்டை மாற்றிக் கொடுத்து அனுப்பினார். அவர் போனதும் தலையைப் பார்த்து, “கேட்டியா?” என்றார். என்னைப் பார்த்து அல்ல. தலையைப் பார்த்து.

இதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பா அந்தத் தலையோடு பேசுகிறார் சித்தப்பா. புது சட்டம் வந்தால் பிரித்துக் காட்டி, இது வட்ட முகத்துக்கு எடுக்குமா என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் விட்டு, சரி, எடுக்காதுதான் என்று தானே சொல்கிறார். செவ்வாய்க்கிழமை மட்டும் தலையிடம் நாலு கேள்வி கேட்டார். என்னிடம் ஒன்றுகூட இல்லை. என் மார்க் ஷீட் அவர் பையில் மூன்று நாளாக மடித்தபடி இருக்கிறது. அம்மா தினமும் தலைக்கு வெல்வெட் துணி போட்டுத் துடைக்கிறாள், என் தலைக்கு எண்ணெய் தடவ அவளுக்கு நேரமில்லை. நான் படைத்தவன், நான் அனாதை. படைத்தவனை மதிக்காத கிரகமாக இருக்கிறது இது.

முந்தாநாள் அப்பா உங்கள் பழைய கறுப்புச் சட்டத்தை எங்கிருந்தோ எடுத்து அதற்கு மாட்டினார். நழுவி விழுந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி விழுந்தது. நூல் கட்டிப் பார்த்தார். உங்களுக்கே தெரியும், கோணலாக நிற்கிற கண்ணாடியை மூன்று நிமிஷம் பார்த்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும்.

“காது வை” என்றார்.

“வேற்றுக்கிரகவாசிக்குக் காது இல்லப்பா. அவங்க மனசாலயே பேசிப்பாங்க.”

“இருபத்திமூணு மாசமா மனசாலதான் பேசிக்கிட்டு இருக்கேன். காது வைடா.”

வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கலைஞனுக்கும் ஒரு தலைக்கனம் உண்டு. திங்கட்கிழமை கண்காட்சி, காதோடு போனால் பீரங்கி என்னைக் காது காதாகப் பிய்த்துவிடுவான். அப்பா மீதியிருந்த மண்ணை எடுத்துக்கொண்டு, நேற்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். லென்ஸ் ஓரம் தேய்க்கிற கை அல்லவா, எனக்கு ஒன்பது நாள் ஆனது அவருக்கு ஒரு மத்தியானத்தில் வந்துவிட்டது. மடல், மடலின் உள் வளைவு, தொங்குகிற நுனி. கடைசியில் மேல் ஓரத்தில் நகத்தால் ஒரு சின்னக் கீறல். அது எதற்கு என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

“தகர மூடியை வீசி விளையாடினோம். அவனுக்கு ஆறு வயசு. இடது காதுன்னா எனக்குக் கண்ணை மூடினாலும் வரும். நான் கிழிச்ச காதுடா அது.”

அம்மா அடுப்பைப் போட்டுக் கொடுத்தாள். டிகிரியை இரண்டு முறை என்னிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள், நான் சொன்னதை நம்பாமல் பாக்கெட்டையும் படித்தாள். இப்படியாக அந்தக் காது பிறந்தது. ஒட்டியும் ஆகிவிட்டது. இப்போது கண்ணாடி ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் நூல்.

ஆகவே சித்தப்பா, என் கோரிக்கை எளிமையானது, கோபம்தான் கடுமையானது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு நீங்கள் நேரில் வர வேண்டும். வந்து அந்தத் தலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் தலை வேறு, இந்தத் தலை வேறு என்று அப்பா தன் கண்ணால் பார்த்து, ஸ்கேலால் அளந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் என் தலையை நான் எடுத்துக்கொள்வேன், அப்பா உங்களை வைத்துக்கொள்ளட்டும். வராவிட்டால் அலமாரித் தலைக்கு உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுவேன், எனக்கு ஒட்டத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. ஒரு படைப்பாளியின் சொந்தக் கற்பனையை ஒரு குடும்பமே சேர்ந்து திருடுவதை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும், குட்டித் தங்கைக்கு என் முத்தம் ஒன்றைக் கொடுக்கவும், அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டால் இன்னொன்று கொடுக்கவும். வயதில் சின்னவன் என்பதால் உங்களை ஆசீர்வதிக்க முடியவில்லை, கோபத்தில் இருப்பதால் வணங்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலை இருந்தும் தலை இழந்த,
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டப் போய், மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே சில இடங்களில் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. கண்காட்சி போன திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. அப்பா அன்று காலை அலமாரியைத் திறந்து, எடுத்துட்டுப் போயேன்டா என்றுதான் சொன்னார். நான்தான் எடுக்கவில்லை. அவர் கை அதன் நெற்றிமேல் இருந்தது. அதனால் கண் குழிந்த அந்த இரண்டாவது தலையைக் கொண்டுபோனேன். அறிவியல் டீச்சர் அதை உருளைக்கிழங்கில் பூஞ்சை வளரும் விதம் என்று நினைத்து அந்த மேஜையில் வைத்துவிட்டார். மூன்றாம் பரிசு. அந்தப் பூஞ்சைதான் நான் கொண்டுவந்த தலை என்று பீரங்கிக்கு இன்னும் தெரியாது.

சொந்தக் கற்பனை என்று அடிக்கோடிடச் சொன்னேனே, அதை அழித்துவிடுங்கள். கற்பனையாகச் செய்யப் பார்த்தபோதெல்லாம் கத்திரிக்காய் மாதிரிதான் வந்தது. அந்தக் கீழ் இழுப்பறையில் உங்கள் கார்டு இருந்தது. கண் தூரம், மூக்கு அகலம், எல்லாம் அப்பா கையெழுத்தில். லென்ஸும் உங்கள் பழைய லென்ஸ்தான். அளவைப் பார்த்து வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நம் வீட்டில் போய் அப்படி நினைத்தேன் பாருங்கள்.

இன்னொன்று. இதை எழுதாமல் உறையை ஒட்ட முடியவில்லை. அந்த பஸ் டிரைவரின் லென்ஸ் இரண்டும் தனித்தனிக் கவரில் இருந்தன. வலது, இடது என்று அப்பா சரியாகத்தான் எழுதியிருந்தார். கவரில் என்ன எழுதியிருந்ததோ அதன்படி நீங்களும் சரியாகத்தான் மாட்டினீர்கள். நடுவில், பள்ளி விட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், கவருக்குள் இருந்ததை மாற்றிப் போட்டது நான். மாட்டும் முன்னால் நீங்கள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பீர்கள், சிரிப்பீர்கள், என் காதைத் திருகுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சோதிக்கவே இல்லை. அண்ணன் எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். அப்புறம் சத்தம் பெரிதானதும் எனக்கு வாய் வரவில்லை. கோபம் எல்லாம் உங்கள்மேல் என்று எழுதினேன், அதுவும் கொஞ்சம் இடம் மாற்றி எழுதியதுதான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தனியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்யும் முதல் வேலை என்னைத் திட்டுவதாக இருக்கட்டும்.

வலது காதுக்கு மண் மிச்சம் இருக்கிறது. அப்பா அதை ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார், இந்த மண்ணுக்கு ஈரம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்டதற்கு, “அது எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் இல்லைடா” என்றார். வரும்போது மறக்காமல் அதையும் கொண்டுவரவும்.